ரிலேயைக் கழற்றியது யார்?

பழைய மின்சாமான் திருத்தும் உங்கள் நிறுவனத்தின் வேலையறையைப் பார்த்துவிட்டு வந்தேன். சுவரோரம் மூன்று பிளாஸ்டிக் தட்டுகள் வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் 'நல்லது' என்று எழுதியிருந்தது. அடுத்ததில் 'கூடாது'. மூன்றாவதில் 'பார்க்கலாம்'. மூன்றிலும் பெரியது 'பார்க்கலாம்'தான். அதில் தூசி படிந்திருந்ததால் இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை என்று விளங்கிக்கொண்டேன்.

நீங்கள் பழைய சர்க்கிட் போர்டில் இருந்து சாமான் கழற்றுகிற அழகையும் பார்த்தேன். சூடான காற்று ஊதும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு, போர்டைக் குப்புறப் பிடித்து மேசையில் ஓர் அடி. விழுந்ததெல்லாம் தட்டுக்குள். உங்களில் ஒருவர் அதை ஃபோனில் படம் வேறு எடுத்துக்கொண்டிருந்தார். எந்த செட்டில் இருந்து வந்த சாமான் என்று கேட்டேன். "ஏதோ பழையது ஐயா" என்றார். யார் கழற்றியது என்று கேட்டேன். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள்.

அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நான் திருத்திய ரீவிகளின் கதை உங்களுக்கு எதற்கு? அவை எல்லாம் இப்போது பழைய இரும்பு. யார் கழற்றியது என்ற அந்த ஒரு கேள்விக்காக ஒரு கதையை மட்டும் எழுதுகிறேன். இதில் நான் கெட்டித்தனமாக எதையும் செய்யவில்லை. படித்துவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட வரவேண்டாம்.

சண்டைக் காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ரேடியோ, ரீவி திருத்தும் கடையில் எனக்கு வேலை. முதலாளிக்கு வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கிளையும் இருந்தது. புதுச் சாமான் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நம்ப முடியாது. அதனால் திருத்த முடியாத செட்டுகளை உரித்து, அதில் நல்லதாக இருக்கிற சாமான்களைக் கழற்றி வைப்போம். ஒரு வீட்டில் செத்த செட் இன்னொரு வீட்டு செட்டைப் பிழைக்கவைக்கும். அந்த உரிக்கிற வேலையில் நான் மன்னன் என்று எனக்கு ஓர் எண்ணம். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அந்த வயதில் நானும் உங்களைப் போல்தான் இருந்தேன். இதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் முறை இதுதான். ஒரு கையில் ஈயம் உருக்கும் சூடான அயன், மறு கையில் குறடு. ஈயம் முழுக்க உருகும் வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பாதி உருகியதும் ஓர் இழுவை. சாமான் வந்துவிடும். அதன் காலோடு போர்டில் ஒட்டியிருந்த செப்புப் பட்டையும் ஒரு துண்டு கிழிந்துகொண்டு வரும். சாமான் வேலை செய்கிறதுதானே, போர்டு குப்பைக்குத்தானே போகிறது என்பது என் நியாயம்.

என் பக்கத்து மேசையில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூடுதல். முன்பு கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கும் வேலை செய்தவர். வத்தளையில் இருந்து பஸ்ஸில் வருவார். தகப்பன் சிங்களம், தாய் தமிழ், வீடு கத்தோலிக்கம். இரண்டு பாஷையிலும் ஏசுவார். அவர் இருபத்தெட்டுக் கால் உள்ள ஐசி ஒன்றைக் கழற்றினால் கால்கள் கடையில் வாங்கியது போல் பளபளக்கும். போர்டின் ஓட்டைகளும் அப்படியே இருக்கும். எனக்குத் தொழில் படிப்பித்தவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்லவேண்டும். படிப்பிக்க முயன்றவர் என்று சொன்னால் இன்னும் சரி.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடைச் சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கும் கலண்டர் தொங்கும். முந்தைய நாள் தாளைக் காலையில் வந்ததும் தன் மேசைக்கு எடுத்துக்கொள்வார். தான் கழற்றிய ஒவ்வொரு சாமானையும் அந்தத் தாளில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றி வைப்பார். பின்பக்கத்தில் எந்த செட், என்ன இடம் என்று எழுதி, கீழே தன் பெயரையும் எழுதுவார். நான் எப்படியெல்லாம் நக்கல் அடித்தேன் தெரியுமா? "அக்கா பஞ்சாங்கம் பார்த்துத்தான் கழட்டுவா" என்பேன். "இண்டைக்கு அட்டமி, ட்ரான்சிஸ்டர் கழட்டக் கூடாதாம்" என்பேன். கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். முதலாளி மற்றவர்களைவிடப் பலமாகச் சிரிப்பார். கலண்டர் தாளுக்குக்கூட அவர் வருத்தப்படுகிற ஆள்.

"சிரி மல்லி, சிரி" என்பார் அக்கா, தம்பி என்பதைச் சிங்களத்தில். "ஒரு நாளைக்கு ஒருத்தன் வந்து இது எங்கால வந்த சாமான் எண்டு கேப்பான். அண்டைக்கு உன்ர வாய் திறக்குதா பாப்பம்."

அந்த நாளும் வந்தது.

வெள்ளவத்தைக் கிளையில் திருத்த வந்த வோல்டேஜ் ஸ்டெபிலைசர்கள் குவிந்துகிடந்தன. பத்து ரிலே, மின்னோட்டத்தை மாற்றிவிடும் சின்னச் சுவிட்சுகள், வேண்டும் என்றார்கள். மணிக்கூடு வைத்த ரேடியோ ஒன்றுக்கு ஓர் ஐசியும் கேட்டார்கள். பத்து ரிலேயையும் பழைய ஸ்டெபிலைசர் போர்டுகளில் இருந்து நான் பிடுங்கி வைத்திருந்தேன். மணிக்கூட்டு ஐசி அக்கா கழற்றியது. அவரது பெட்டியில் கலண்டர் தாளில் சுற்றியபடி இருந்தது. அக்கா அன்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் தாளைப் பிரித்துக் கசக்கி எறிந்துவிட்டு, ஐசியை என் ரிலேகளோடு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டேன். தாள் இடத்தை அடைக்கிறதாம். அந்தத் தாள் மாநகர சபை லொறியில் போய்ச் சேர்ந்தது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். வெள்ளவத்தைக்குச் சாமான் கொண்டுபோவது என் வேலை. நான் தங்கியிருந்த லொட்ஜ் அங்கேதான் இருந்தது. ஆனால் அந்த வாரம் வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதியில் பொலிஸ் சோதனை கடுமை. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ரிலேயும் மணிக்கூட்டு ஐசியும் உள்ள ஒரு டின்னோடு அந்த அட்டையை நீட்டினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நான் முத்தையாவைக் கூப்பிட்டேன்.

முத்தையா கடையில் அன்ரனா பூட்டப் போகிற ஆள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கலியாணம் முடித்து, முகத்துவாரத்தில் குடியிருந்தவர். வெள்ளவத்தை அவருக்கு நேர் எதிர்த் திசை. "எனக்கு இஞ்ச வேலை கிடக்கு முத்தையா. ஒருக்கா குடுத்திட்டு வாரீரோ?" என்றேன். "அதுக்கென்னண்ணே" என்று டின்னை வாங்கிக்கொண்டு போனார். உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு வேலை ஒன்றும் கிடக்கவில்லை. பயம்தான் கிடந்தது.

மத்தியானம் வெள்ளவத்தைக் கிளையில் இருந்து ஃபோன் வந்தது. முத்தையாவை பஸ்ஸில் இருந்து இறக்கிப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

முதலாளியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "கடைப் பேரைச் சொன்னவனோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி அவரிடம் இருக்கவில்லை. உடனே அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கடைச் சாவியை என் கையில் தந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். விஷயம் முடிந்த அடுத்த நாள் அந்தக் காய்ச்சல் சுகமானது.

நான் பொலிசுக்குப் போனேன். போனதற்காக என்னை வீரன் என்று எண்ணிவிடாதீர்கள். முத்தையாவின் மனைவி கைக்குழந்தையோடு கடைக்கு வந்து, "அண்ணே, அவருக்கு எழுதப் படிக்கக்கூடச் சரியாத் தெரியாதுங்களே, அவர் என்னண்ணே செஞ்சாரு?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். அங்கே நிற்பதைவிடப் பொலிசுக்குப் போவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அங்கே ஒரு சார்ஜன்ட். மேசையில் பிஸ்கட் டின் திறந்து கிடந்தது. அவருக்கு ரேடியோ தெரியாது. கண் நன்றாகத் தெரியும். ஒரு ரிலேயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஐசியை எடுத்தார். இது மணிக்கூட்டு உறுப்பு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்தில் மணிக்கூடு என்ற சொல்லைக் கேட்டால் பொலிசுக்கு நேரம் நினைவுக்கு வராது, குண்டுதான் வரும்.

"இதுகளைக் கழற்றியது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கடே படு, சேர்" என்றேன். கடைச் சாமான் என்று அர்த்தம்.

"அது விளங்குது. கழற்றியது யார்?"

"கடென், சேர்." கடையில் இருந்து.

அவர் சிரித்தார். "கடைக்குக் கை இருக்கிறதா?" என்று கேட்டார். என் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். பத்திலும் அயன் சுட்ட தழும்புகள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் அட்டையைத் திருப்பித் தந்தார்.

"நாளைக்கு மத்தியானம் வேன் வரும். அதுக்குள்ள இது எங்கிருந்து வந்தது என்று காட்டினால் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஆளையும் டின்னையும் மேலே அனுப்பிவிடுவேன்" என்றார். மேலே போனவர்கள் எப்போது கீழே வந்தார்கள் என்று அந்த நாட்களில் யாரும் நிச்சயமாகச் சொல்லமாட்டார்கள். வெளியே வரும்போது கம்பிக்குப் பின்னால் முத்தையா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவர் என்னைப் பார்த்து, ஆறுதல் சொல்வதுபோல் தலையசைத்தார். எனக்கு ஆறுதல்!

கடைக்குத் திரும்பியபோது அக்கா வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கலண்டர் தாளை எறிந்ததையும் சொன்னேன். என்னிடம் இருந்த நேர்மை அவ்வளவுதான். இந்த டின்னை நான் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியும். சொல்லவில்லை என்பதும் தெரியும்.

அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. "போர்டெல்லாம் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மாளிகாவத்தை நானா போன கிழமை அள்ளிக்கொண்டு போட்டார்."

"காலமை போய் எடுத்துக்கொண்டு வா. கதைச்சுப் பிரயோசனம் இல்ல. கழட்டின இடத்திலயே திருப்பி வச்சுக் காட்டவேணும்."

மறுநாள் விடிந்ததும் மாளிகாவத்தையில் பழைய சாமான் வாங்கும் நானாவின் கொட்டிலுக்குப் போனேன். போர்டுகள் சாக்குச் சாக்காகக் குவிந்து கிடந்தன. கொழும்பில் உள்ள எல்லாக் கடைகளின் குப்பையும் அங்கே. நான் மலைத்துப்போய் நிற்பதைப் பார்த்து, "எனத்தத் தேடுறீங்க மகன்? சொன்னா நானும் பாப்பேனே" என்றார் நானா. பொலிஸ் என்றேன். "யா அல்லாஹ். தேடுங்க, தேடுங்க. கெடச்சதத் தூக்கிட்டுப் போய்டுங்க. நான் ஒங்களக் காணவும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

எங்கள் கடைச் சாக்கை எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? நாலாவது சாக்கில் கையை விட்டேன். வெளியே வந்த போர்டில் செப்புப் பட்டைகள் நாய் பிறாண்டியது மாதிரிக் கிழிந்திருந்தன. அது என் வேலை. கொழும்பு முழுவதிலும் அவ்வளவு கேவலமாகக் கழற்றுகிறவன் வேறு ஒருவனும் இல்லை. அதே சாக்கின் அடியில் மணிக்கூட்டு ரேடியோவின் போர்டும் இருந்தது. இருபத்தெட்டு ஓட்டைகள், ஒரு கீறல்கூட இல்லை.

பத்தரை மணிக்கு நானும் அக்காவும் பொலிசில் நின்றோம். முத்தையாவின் மனைவி குழந்தையோடு வாசலில் இருந்தாள். சார்ஜன்டின் மேசையில் போர்டுகளைப் பரப்பினேன். முதல் ரிலேயை எடுத்தேன். அதன் காலில் கோணல்மாணலாக ஒரு செப்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. போர்டைத் திருப்பி, செப்பு கிழிந்த இடத்தில் அதை வைத்தேன். கிழித்த கடதாசியின் இரண்டு பாதிகளைப் பொருத்தியதுபோல் சேர்ந்தது. சார்ஜன்ட் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். இரண்டாவது ரிலேயைத் தானே எடுத்து இடம் தேடினார். நாலாவதுக்குப் பிறகு என்னைத் தொட விடவில்லை. பக்கத்து மேசைப் பொலிஸ்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பத்தும் பொருந்தின. வேறு எந்தப் போர்டிலும் அவை பொருந்தா என்பது ஒரு குழந்தைக்கும் விளங்கும்.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு முட்டாள்தனமான முடிவுக்கு வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். கிழித்ததால்தானே தப்பினார்கள், ஆகவே கிழிப்பது நல்லது என்று. அன்று எனக்கே அந்த எண்ணம் வந்தது. அக்காவைப் பார்த்து இலேசாகச் சிரிக்கக்கூடப் போனேன். அவ்வளவு மானங்கெட்டவன் நான்.

அப்போது சார்ஜன்ட் ஐசியை எடுத்தார். மணிக்கூட்டுப் போர்டில் வைத்தார். இருபத்தெட்டுக் காலும் அழகாக இறங்கின. வெளியே எடுத்தார். மறுபடி வைத்தார். முகம் மாறிவிட்டது.

"இது சுத்தமாக இருக்கிறது. இருபத்தெட்டுக் கால் உள்ள எதுவும் இதில் இறங்கும். இது இங்கே இருந்ததுதான் என்று எப்படி நம்புவது?"

அதற்கு விடை எழுதிய தாளை நான் எறிந்துவிட்டேன். சுவர் மணிக்கூட்டில் பதினொன்றே கால்; மத்தியானம் வேன் வந்துவிடும்.

"கழற்றியது யார்?" முதல் நாள் கேட்ட அதே கேள்வி. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். வாசலில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. நான் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மமய் கெலெவ்வே" என்றார் அக்கா. நான்தான் கழற்றினேன்.

சார்ஜன்ட் அவர் பக்கம் திரும்பினார். அக்கா அவசரப்படாமல் சிங்களத்தில் சொன்னார்: எந்த ரேடியோ, யார் வீட்டில் இருந்து வந்தது, ஏன் திருத்த முடியவில்லை, எந்தக் கிழமையில் கழற்றினார், இதை மறுபடி எங்கே பூட்டப் போகிறோம். கடைசியில், "என் பெயரை எழுதுங்கள். இதனால் ஏதும் வந்தால் என்னைத் தேடி வாருங்கள்" என்றார். அடையாள அட்டையை மேசையில் வைத்தார். கேட்கும் முன்பே வைத்தார்.

சார்ஜன்டுக்குத் தேவைப்பட்டது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்குச் செப்பும் ஐசியும் அல்ல, பொறுப்பாக ஒரு மனிதர் வேண்டும். புத்தகத்தைத் திறந்தார். ரிலே பத்து, ஐசி ஒன்று என்று எழுதினார். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கழற்றியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர், வத்தளை விலாசம். அக்கா படித்துப் பார்த்தார். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்கு முத்தையாவை விட்டார்கள். மனைவி அழுதுகொண்டே குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் என்னிடம் வந்தார். கோபம் இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பவர்போல், "அண்ணே, அந்த டின்ன நீங்கதானே கொண்டு போக இருந்திச்சு?" என்று கேட்டார். ஓம் என்று சொல்ல எனக்கு ஒரு சொல்தான் தேவை. "பஸ் வருது முத்தையா" என்றேன்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் இருந்தார். பொலிஸ் புத்தகத்தில் பெயர் விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பிறகு நடந்ததும் அதுதான். இரண்டு தடவை அவர் வீட்டுக்கு விசாரிக்க வந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். தாயையும் கூட்டிக்கொண்டு ஜாஎல பக்கம் போனார். வேலைக்கு வர இரண்டு பஸ் மாறவேண்டி வந்தது. ஆனால் அந்த பஸ்ஸில் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆமர் வீதி தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"அந்தப் பத்து ரிலேயும் நான் கழட்டினதெண்டு எழுதிப்போட்டாங்கள் மல்லி. என்ர பேரில. அவ்வளவு கிழிசலும்." குரல் உடைந்துவிட்டது. "எனக்கு வெக்கமா இருக்கு."

அவர் அழுததை அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அதன் பிறகு நானும் திருந்தினேன், என் அளவுக்கு. ஈயம் முழுக்க உருகும் வரை காத்திருந்தேன். சாமானைத் தாளில் சுற்றினேன். எந்த செட் என்று எழுதினேன். கீழே பெயர் எழுதுகிற இடத்தில் கடையின் பெயரை எழுதினேன். அக்கா அதைப் பார்த்தார். ஒரு நாளும் ஒன்றும் கேட்கவில்லை. கடையை மூடும் வரைக்கும் அப்படியே எழுதினேன்.

உங்கள் மூன்று தட்டுகளுக்கும் நேற்று ஒரு வேலை செய்திருக்கிறேன். லேபிள்களைக் கிழித்துவிட்டேன். திட்டுங்கள், பரவாயில்லை. 'நல்லது', 'கூடாது' என்று சாமானைப் பற்றி எழுதுவது பிறகு. முதலில் யார் கழற்றியது என்று எழுதுங்கள். உங்கள் சொந்தப் பெயர். நிறுவனத்தின் பெயர் அல்ல, 'டீம்' என்றும் அல்ல. கிழித்திருந்தால், கிழித்ததற்கும் அதே பெயர்.

'பார்க்கலாம்' தட்டைத் துடைத்து, அதில் ஒரு கலண்டர் தாள் வைத்திருக்கிறேன். எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டெபிலைசர் ரிலே, பத்து. செப்பு கிழிந்தது. கழற்றியவர் என்ற இடத்தில் என் முழுப் பெயரும் இருக்கிறது.